பிரகதாம்பாள் பேரில் ஒரு ஃபைல்

இதை எழுதலாமா என்று வானதியிடம் போனில் கேட்டேன். “எழுதுங்க பெரியம்மா, பேரை மட்டும் மாத்திடாதீங்க” என்றாள். அதனால் இதில் எல்லோரும் சொந்தப் பேரிலேயே வருகிறோம், நான் உட்பட. என் பேர் தையல்நாயகி. வானதியின் அம்மா பிரகதாம்பாள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவே கொல்லையில் இடுப்பளவுச் சுவர் ஒன்று இருக்கிறது, அவ்வளவுதான் தூரம்.

பிரகதாம்பாள் நன்னிலத்துப் பெண். கோவிந்தராசுவைக் கட்டிக்கொண்டு பூதலூருக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்கு வந்து இருபத்தாறு வருஷம் ஆகிறது. பஸ் அவளுக்கு ஒத்துக்கொள்ளாது. பிறந்த வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் இரண்டு எலுமிச்சம்பழத்தை முகர்ந்தே தீர்த்துவிடுவாள். பரண் மேலிருந்து பாத்திரம் எடுக்க வேண்டுமென்றால் ஏணியின் மூன்றாம் படியிலேயே கண்ணை மூடிக்கொண்டு என்னைக் கூப்பிடுவாள். அப்படிப்பட்டவளுக்குப் பிறந்த ஒரே பெண், படித்தால் பைலட்டுக்குத்தான் படிப்பேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள்.

தஞ்சாவூர் விமானப்படைத் தளத்திலிருந்து கிளம்பும் விமானம் எங்கள் ஊர் வயலுக்கு மேல்தான் திரும்பும். சத்தம் கேட்டால் வானதி சின்ன வயசிலேயே தட்டும் கையுமாக வாசலுக்கு ஓடுவாள். பன்னிரண்டாவது முடித்ததும் கோவிந்தராசு கொஞ்ச நாள் மூக்கால் அழுதுவிட்டு, வடக்கே ஒரு பயிற்சிப் பள்ளியில் கொண்டுபோய்ச் சேர்த்தார். முதல் முறை தனியாக ஓட்டிவிட்டு அவள் போன் செய்த அன்று பிரகதாம்பாள் சிரித்த சிரிப்பு எங்கள் கூடம் வரை கேட்டது. அவள் எப்போதுமே அப்படித்தான் சிரிப்பாள், தெருவே திரும்பிப் பார்க்கும்.

அவளிடம் ஊர் கண்ட இன்னொரு விசேஷம் கைராசி. எங்கள் பக்கத்தில் இப்போது நடவு மெஷின் வந்துவிட்டது. ஆனாலும் மெஷின் வயலில் இறங்குவதற்கு முன் ஈசானி மூலையில் ஒரு நாற்று முடியை, ஒரு சின்னக் கட்டு நாற்றை, கையால் நட்டாக வேண்டும். அதை யார் நடுகிறார்கள் என்பது சின்ன விஷயமில்லை. பிரகதாம்பாள் நட்ட வயல் சாயாது என்று ஒரு பேச்சு உண்டு. குறுவைக்கும் சம்பாவுக்கும் தெருவில் பதினைந்து வீட்டுக்காரர்கள் வெற்றிலை பாக்கோடு வந்து அவளை அழைப்பார்கள். அவளும் விடிந்ததும் குளித்து, அரக்குப் புடவை கட்டி, வீடு வீடாகப் போய்வருவாள். அந்தப் பத்து நாளும் அவளைக் கையில் பிடிக்க முடியாது.

இரண்டு வருஷம் அவளை ஒருவரும் அழைக்கவில்லை. அதற்கு நான்தான் காரணம்.

என் கதையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். வீட்டுக்காரர் சிங்கப்பூரில், மகன் சென்னையில். எனக்குத் துணை டிவியும் இரண்டு மாடும். ஐம்பது வயதில் திடீரென்று நெஞ்சு படபடக்க ஆரம்பித்தது. இதோ செத்துவிடுவேன் என்று தோன்றும், கை கால் ஜில்லிட்டுப் போகும். இதயத்தைப் பார்த்த டாக்டர் ஒரு குறையும் இல்லை என்று சொல்லி, தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி சாலையில் மனநல டாக்டர் ஒருவரின் பேரைச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். அதைப் படித்ததும் எனக்கு நெஞ்சு இன்னும் வேகமாக அடித்தது. ஊரில் பல்வலி என்று சொல்லிவிட்டுப் போனேன். ஒரு வருஷம் பல் டாக்டரிடம் நடந்தவளுக்கு ஒரு பல்லும் குறையவில்லையே என்று யாரும் கேட்காதது என் அதிர்ஷ்டம்.

அந்த டாக்டர் சுமையா தங்கமானவர். பிரச்சினை அவரிடம் இல்லை, வாசலில் நின்ற இராஜாங்கத்திடம். அட்டெண்டர். நாடகத்தில் ராஜா வேஷம் கட்ட வேண்டிய குரலை வைத்துக்கொண்டு, அறுபது பேர் உட்கார்ந்திருக்கும் ஹாலில் ஒவ்வொரு பேராகக் கூப்பிடுவார். முதல் நாள் பேர் என்ன என்று கேட்டபோது நான் ஹாலை ஒருமுறை பார்த்தேன். எங்கள் ஊருக்குப் பக்கத்துத் திருக்காட்டுப்பள்ளிக்காரர்கள் இரண்டு பேர் தெரிந்தார்கள். வாயிலிருந்து “ராசம்மாள்” என்று வந்துவிட்டது. அது என் மாமியார் பேர். காலமாகி ஆறு வருஷம் ஆகியிருந்தது. இருந்த காலத்தில் எனக்கு ஒரு உதவியும் செய்யாத மனுஷி, செத்த பிறகு பேரைக் கொடுத்துக் காப்பாற்றினார்.

ஒரு சித்திரை மாதம் அந்த ஹாலில் காத்திருந்தபோது இராஜாங்கம் “பிரகதாம்பாள்” என்று கூப்பிட்டார். எதிர் வரிசையிலிருந்து கோவிந்தராசு எழுந்தார். கூடவே துப்பட்டாவால் முகத்தை மூடிய ஒரு பெண்ணும் எழுந்தாள். உயரத்தை வைத்து வானதி என்று தெரிந்துகொண்டேன். பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டேன். பிரகதாம்பாள் முன் வரிசையிலிருந்து எழுந்து உள்ளே போயிருப்பாள், இவர்கள் துணைக்கு வந்திருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். வேறு பேரில் உட்கார்ந்திருந்த எனக்கு, இன்னொருத்தரும் வேறு பேரில் வந்திருக்கலாம் என்று தோன்றவே இல்லை. என் புத்தியை எதால் அடிப்பது?

வானதி அந்தத் தை மாதமே படிப்பைப் பாதியில் விட்டு ஊருக்கு வந்திருந்தாள். மஞ்சள்காமாலை, பத்தியச் சாப்பாடு, யாரும் பார்க்க வர வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். ஊர் நம்பியது, நானும் நம்பினேன்.

அந்த ஆனி மாதம் மகளிர் குழுக் கூட்டத்தில் குறுவை நடவுப் பேச்சு வந்தது. வழக்கம் போல பிரகதாம்பாளையே கூப்பிட்டுவிடலாம் என்று தலைவி சொன்னார். நான் சும்மா இருந்திருக்கலாம். “அவளுக்கு மனசு சரியில்லையாம். தஞ்சாவூர்ல அதுக்குன்னு இருக்கிற டாக்டர்கிட்ட காட்டுறாங்களாம், யாரோ சொன்னாங்க” என்றேன். ஏன் சொன்னேன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். எல்லோருக்கும் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும் என்ற பெருமை ஒரு பங்கு. மீதி பயம். ஊர் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தால் என்னைப் பார்க்காது என்று உள்ளே எதுவோ கணக்குப் போட்டிருக்கிறது. சொன்ன மறுநிமிஷமே பேச்சை மாற்றி நடவு மெஷின் வாடகையைக் கேட்டேன். ஆனால் வாயை விட்டு வந்ததை எங்கே போய்ப் பிடிப்பது?

அந்தக் குறுவைக்கு முதல் நடவு நாளன்று பிரகதாம்பாள் குளித்து, அரக்குப் புடவை கட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். நான் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தேன். தெருவில் பெண்கள் போனார்கள். சௌக்கியமா என்று கேட்டார்கள். யாரும் நிற்கவில்லை. வெயில் ஏறியதும் உள்ளே போய்ப் புடவையை மாற்றிக்கொண்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டினாள். மறுநாளும் கட்டினாள். மூன்றாம் நாள் கட்டவில்லை.

அதன் பிறகு அவள் எது செய்தாலும் அதற்கு ஒரு அர்த்தம் கண்டுபிடித்தார்கள். மீன்காரனிடம் எடை குறைகிறது என்று சண்டை போட்டால், ஆரம்பித்துவிட்டது என்பார்கள். சிரித்தால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். வளைகாப்புக்குப் பத்திரிகை வரும், வளையல் போடக் கூப்பிட மாட்டார்கள். அவள் சிரிப்பதை நிறுத்திவிட்டாள். எங்கள் கூடத்தில் டிவி சத்தம் மட்டும் கேட்டது. தன் வயலில் மட்டும் தானே முதல் முடி நட்டுக்கொண்டு, வேறு பெண் ஒருத்தி கூட இல்லாமல் வரப்பில் நடந்து வருவாள். இரண்டு குறுவை, இரண்டு சம்பா இப்படியே போயின. எனக்கு நெஞ்சுப் படபடப்பு குறைந்துவிட்டது, தூக்கமும் வந்தது. அதை நினைத்தால்தான் இன்றும் கூசுகிறது.

இந்த வருஷம் தை மாதம் கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் அம்மாவும் மகளும் பேசிக்கொண்டிருந்தார்கள். வானதி எப்போதோ தேறிவிட்டாள், டியூஷன் எடுக்கிறாள் என்று ஊருக்குத் தெரியும். அவள் மறுபடியும் பறக்கப் போகிறாள் என்பது தெரியாது. கேட்கக் கேட்கத் துணி என் கையிலேயே காய்ந்தது.

டாக்டர் சுமையாவிடம் இரண்டு வருஷம் வைத்தியம் பார்த்துக்கொண்டவள் வானதி. மனச்சோர்வு நோய். பயிற்சிப் பள்ளியில் இருந்தபோதே சாப்பாடு இறங்காமல், கட்டிலை விட்டு எழுந்திருக்க முடியாமல், நான்கு மாதம் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள். ஒரு வருஷம் மாத்திரை, பிறகு டாக்டரே நிறுத்தி, மாத்திரை இல்லாமல் ஒரு வருஷம். முதல் நாள் பேரைக் கேட்டபோது கோவிந்தராசுவும் அந்த ஹாலைப் பார்த்திருக்கிறார். கல்யாணமாகாத பெண்ணின் பேரை இராஜாங்கம் கத்திக் கூப்பிடுவதை நினைத்துப் பார்த்து, பெண்டாட்டி பேரைக் கொடுத்துவிட்டார். வயதை மட்டும் சரியாகச் சொல்லியிருக்கிறார். இருபத்திரண்டு வயதுப் பிரகதாம்பாளாக இருந்து வானதி குணமாகியிருக்கிறாள்.

விமானம் ஓட்ட வேண்டுமென்றால் மருத்துவச் சான்று புதுப்பிக்க வேண்டும். மனநோய்க்கு எப்போதாவது வைத்தியம் பார்த்ததுண்டா என்று படிவத்தில் ஒரு கேள்வி. இல்லை என்று போட்டுவிடு, உன் பேர்தான் எங்கேயும் கிடையாதே என்று வீட்டில் சொல்லியிருக்கிறார்கள். வானதி உண்டு என்று போட்டுவிட்டாள். தற்காலிகமாகத் தகுதியில்லை என்று நிறுத்திவிட்டார்கள். வைத்தியம் பார்த்த ரெக்கார்டு முழுவதையும் கொண்டுவா, பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்றார்கள். ரெக்கார்டு முழுவதும் பிரகதாம்பாள் பேரில் இருந்தது. டாக்டரம்மாவுக்கு வானதியின் முகம் தெரியும், ஃபைலுக்குத் தெரியாது.

“அப்பவே சொன்னேன்ல. அந்த வியாதி என் பேர்லயே இருந்துட்டுப் போவட்டும்டி. நான் எங்க பறக்கப் போறேன்?” என்றாள் பிரகதாம்பாள்.

“மேல நான் தனியா இருப்பேம்மா. அங்க ஒரு பொய்யையும் கூட வச்சிக்கிட்டு என்னால ஓட்ட முடியாது.”

பிறகு வானதி காரியத்தைச் சொன்னாள். அப்பாவும் அம்மாவும் உண்மையை எழுதிப் பிரமாணப் பத்திரம் கொடுக்க வேண்டும். பெற்றவர்கள் பெண்ணுக்காக என்ன வேண்டுமானாலும் எழுதுவார்கள் என்று சான்று கொடுக்கும் மருத்துவ வாரியத்தில் நினைக்கலாம். அதனால் வானதிதான் அங்கே வந்தாள் என்று கண்ணால் பார்த்த வெளி ஆள் ஒருவரும் எழுதிக் கொடுத்தால் நல்லது என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். இராஜாங்கம் வேலையை விட்டு மகளோடு திருப்பூர் போய்விட்டார். வேறு யாராவது தெரிந்தவர்கள் அந்த ஹாலில் நம்மைப் பார்த்திருக்கிறார்களா என்று வானதி கேட்டாள்.

“யாரும் பாக்கல” என்றாள் பிரகதாம்பாள், யோசிக்காமல்.

நான் அந்தத் துணியோடு உள்ளே போய் உட்கார்ந்துவிட்டேன். இரண்டு வருஷம் ஒரு ஆரோக்கியமான பொம்பளையை, பக்கத்து வீட்டுக்காரியை, ஊரே பைத்தியமாக்கிப் பார்த்திருக்கிறது. அவள் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. எனக்கில்லை என்று அவள் சொன்னால், பின்னே யாருக்கு என்று கேட்பார்கள். அந்த ஒரு கேள்வி வரக்கூடாது என்றுதான் அவள் வாயைத் திறக்காமல் இருந்தாள்.

மூன்று நாள் வெளியே வரவில்லை. சாட்சி சொன்னால் நான் அங்கே என்ன செய்துகொண்டிருந்தேன் என்று எழுத வேண்டும். சொல்லாவிட்டால் அந்தப் பெண் தரையிலேயே நிற்பாள். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். எனக்கு மூன்று நாள் ஆயிற்று.

நான்காம் நாள் மத்தியானம் கொல்லைச் சுவரோரம் போனேன். பிரகதாம்பாள் தனியாக உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். வானதிக்கு நான் சாட்சி எழுதித் தருகிறேன், அந்த ஹாலில் நான் இருந்தேன் என்று சொன்னேன். அவள் முறத்தை நிறுத்தவில்லை. ஊரில் உன்னைப் பற்றிச் சொன்னதும் நான்தான் என்றேன். 

“தெரியும்க்கா” என்றாள்.

எப்படி என்று கேட்டேன்.

“அன்னிக்கே அவர் உங்களப் பாத்துட்டாரு. பேப்பரைத் தலைகீழா புடிச்சிக்கிட்டு உக்காந்திருந்தீங்களாம். அப்புறம் ராசம்மாள்னு கூப்பிட்டதும் எழுந்து போனீங்களாம். உங்க மாமியா செத்து ஆறு வருஷமாச்சேன்னு வந்து சொன்னாரு. நான் சிரிச்சிட்டேன்.” உமியை ஊதினாள். “வெளில மூச்சு விடாதீங்கன்னு சொல்லிட்டேன். ஒண்டியா கெடக்குற பொம்பள, பாவம்னு.”

இரண்டு வருஷம் என் ரகசியத்தை அவள் வைத்திருந்தாள். அவளுடையது என்று நான் நினைத்ததைத் தெருவில் கொட்டியவள் நான். யாரும் பாக்கல என்று மகளிடம் அவள் சொன்ன பொய்யும் என்னைக் காப்பாற்றச் சொன்னதுதான். அங்கேயே சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவள் ஆறுதல் சொல்லவில்லை. கோபம் இல்லாமல் இல்லை, அது முகத்திலேயே இருந்தது. ஆனால் முறத்தைக் கீழே வைத்துவிட்டு, நான் முடிக்கும் வரை நின்றாள்.

பங்குனியில் நான்கு பேரும் தஞ்சாவூர் போனோம். பஸ்ஸில் எலுமிச்சம்பழத்தை நான்தான் வைத்திருந்து கொடுத்தேன். கோர்ட்டுக்கு எதிரே நோட்டரி வக்கீல் பரிதி முத்திரைத் தாளில் டைப் அடித்துக்கொண்டே, அந்த ஹாலில் நீங்கள் எதற்காக இருந்தீர்கள் என்று கேட்டார். துணைக்குப் போனேன் என்று சொல்லியிருக்கலாம். கோவிந்தராசு அப்படியே சொல்லச் சொல்லிக் கண்ணால் ஜாடை காட்டினார், நல்ல மனுஷன். “வைத்தியத்துக்கு. ராசம்மாள்ங்கிற பேர்ல. என் சொந்தப் பேர் தையல்நாயகி” என்றேன். பரிதி தலை நிமிராமல் அடித்தார். அவருக்கு அது இன்னொரு வரி.

டாக்டர் சுமையா மூன்று பத்திரத்தையும் படித்துவிட்டு, ஒருமுறை என்னைப் பார்த்துச் சிரித்தார். பிறகு வானதியைப் பற்றி நான்கு பக்கம் எழுதினார். அப்படியே என் ஃபைலையும் வரவழைத்து ராசம்மாளை அடித்துவிட்டு என் பேரை எழுதச் சொன்னேன். மாமியாருக்கு அன்றைக்குத்தான் விடுதலை.

வைகாசியில் வானதி மருத்துவ வாரியத்தின் பரிசோதனைக்குப் பெங்களூர் போனாள். நாலு நாள் டாக்டர்கள் மாறி மாறிக் கேள்வி கேட்டார்களாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு, பறக்கத் தகுதி என்று கடிதம் வந்தது. மறுபடியும் பயிற்சிப் பள்ளிக்கு அவள் ரயில் ஏறிய அன்று பிரகதாம்பாள் பூதலூர் ஸ்டேஷனில் வண்டி மறையும் வரை நின்றாள். அழவில்லை. வீட்டுக்கு வந்து மகளின் கட்டிலைச் சுவரிலிருந்து தள்ளி ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டாளாம். கோவிந்தராசு வயலுக்குப் போய்விட்டால், மகள் போன வீட்டில் இப்போது அவளும் தனிதான்.

எனக்கு இன்னும் ஒரு காரியம் பாக்கியிருந்தது. ஆனி மாதக் குழுக் கூட்டத்தில் நடவுப் பேச்சு வந்ததும் எழுந்தேன். இரண்டு வருஷம் முன்னால் நான் சொன்னது தப்பு, அந்த டாக்டரிடம் போய்க்கொண்டிருந்தவள் நான்தான் என்றேன். பின்னே பிரகதாம்பாள் பேர் எப்படி வந்தது என்று ஒருத்தி கேட்டாள். தஞ்சாவூர்ச் சீமையில் பிரகதாம்பாள் ஒருத்திதானா என்று திருப்பிக் கேட்டேன். வானதியைப் பற்றி அன்று ஒன்றும் சொல்லவில்லை. அதைச் சொல்லும் உரிமை அவளுடையது. இன்றைக்கு அவள் கொடுத்ததால் எழுதுகிறேன்.

அந்த வாரமே பிரகதாம்பாள் வீட்டு வாசலில் வெற்றிலை பாக்கு வர ஆரம்பித்தது. ஊருக்கு வெட்கமெல்லாம் கிடையாது. எல்லோரும் நேற்றுத்தான் பார்த்துவிட்டுப் போனது போலச் சிரித்துக்கொண்டு வந்தார்கள். அவளும் வாங்கி வைத்துக்கொண்டு, அரக்குப் புடவை கட்டிக்கொண்டு போனாள். என் வாசலில்தான் இப்போது நடை குறைந்துவிட்டது. பால் வாங்க வந்துகொண்டிருந்த இரண்டு வீட்டுக்காரர்கள் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். தலைவி என்னிடம் பேசும்போது மெதுவாக, குழந்தையிடம் பேசுவது போலப் பேசுகிறார். மாலை நேரத்தில் வீடு ரொம்பப் பெரிதாக இருக்கிறது. பிரகதாம்பாள் இரண்டு வருஷம் எப்படி இருந்திருப்பாள் என்று ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிகிறது.

கோவிந்தராசு வயலில் நடவு வைத்த அன்று காலையில் கொல்லைச் சுவருக்கு மேல் ஒரு தட்டு நீண்டது. வெற்றிலை, பாக்கு, மஞ்சள்.

“நம்ம வயல்ல மொத முடி நீங்க நடுங்கக்கா” என்றாள் பிரகதாம்பாள்.

எனக்குக் கைராசி எதுவும் கிடையாது, நீயே நடு என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். நீட்டிய தட்டைப் பின்னுக்கு இழுக்காமல் நின்றுகொண்டே இருந்தாள். போனேன். மெஷின்காரர் வரப்பில் வண்டியை நிறுத்திக் காத்திருந்தார். தெருப் பெண்கள் தள்ளி நின்று பார்த்தார்கள். ஈசானி மூலையில் இறங்கிச் சேற்றில் நாற்றை ஊன்றினேன். எல்லோரும் பார்க்கிற அவசரத்தில் அது ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. பிடுங்கித் திரும்ப நடப் போனேன்.

“விடுங்கக்கா, அதுவே நிமிந்துக்கும்” என்றாள்.